மெடூசாவுக்கு மரியாதை

ஏசியை நிறுத்திவிட்டார்கள். டேக் முடியும்வரை இனி வேர்க்க வேண்டியதுதான். அந்த இரைச்சல் அடங்கியதும் அறை கப்சிப்பென்று ஆகிவிட, தணிகைவேலுக்குத் தன் வயிறு முனகுவது கேட்டது, இரண்டு இட்லியோடு எழுந்துவந்தது தப்பு, மைக் முன்னால் நிற்கப்போகிறவன் வயிற்றைக் காலியாக வைக்கக் கூடாது, இது என்ன அவனுக்குத் தெரியாததா, முப்பது வருஷமாக டப்பிங் பேசிச் சாப்பிடுகிறவன். எதிரே இன்னொரு மைக் முன்னால் ஃபிலோமினா அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வளையல்களை ஒவ்வொன்றாக உருவிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டார். அக்கா ரெக்கார்டிங்குக்கு வரும்போது கஞ்சி போட்ட சேலை கட்ட மாட்டார், அது சரசரக்கும், அந்தச் சரசரப்பு கதாநாயகியின் அழுகைக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் துவைத்துத் துவைத்து நைந்துபோன வாயில் துணிச் சேலைதான். இன்றைக்கும் அதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தர்ஷினி, இந்தத் தொடரின் டப்பிங் பொறுப்பு அவளுடையது, பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர் காசிம். இரண்டு பேரும் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். எதைப் பார்த்து என்ன, தன்னைப் பார்த்துத்தான். அது இங்கதான் இருக்கு. தணிகைவேலு சொல்ல வேண்டிய வரி இவ்வளவுதான். அது. இங்கதான். இருக்கு. தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவான். ஒத்திகையில் இவன் வாயில் என்ன வந்தது? அவங்க இங்கதான் இருக்காங்க. காதில் மாட்டிய ஹெட்போனில் தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், அது மெடூசா சார். தலை பூரா பாம்பு. அதுக்குப் போய் மரியாதையா?" காசிம் விடுவானா, "வாங்கம்மா, உக்காருங்கம்மா, ஒரு காபி சாப்பிட்டு அப்புறம் செத்துப்போங்கம்மான்னு சொல்லுவாரு போல" என்றான். அக்காவும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அந்தச் சத்தமில்லாத சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கட்டடத்திலேயே தணிகைவேலு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வாய் தானாகப் போன வழி அது, அவன் என்ன செய்வான். எத்தனை வருஷமாக எத்தனை ஸ்டூடியோவிலிருந்து போன் வந்திருக்கிறது, தணிகை சார், ஃபிலோமினா மேடம் லைன் கிடைக்கலை, வந்துட்டாங்களா, என்று. அவங்க இங்கதான் இருக்காங்க. இதைச் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது. இப்போது அதே நாக்கு, எதிரே மெடூசாவாக அதே ஆளை வைத்துக்கொண்டு, அது என்று சொல்ல வேண்டும். சே, வேறெந்தப் பாஷைக்கும் இந்தக் கஷ்டம் இருக்குமோ என்னவோ, நம் பாஷையில் ஒருத்தரைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் யார் என்று முடிவு கட்டிவிட வேண்டியிருக்கிறது. அவ, அவங்க, அது. நாற்காலிக்கும் அது, கல்லுக்கும் அது, மாட்டுக்கும் அது. மெடூசா நாற்காலியா? பெண்ணாய்ப் பிறந்தவள்தானாம், அழகியாம், ஒரு தெய்வம் கோபித்துக்கொண்டு இப்படி ஆக்கிவிட்டதாம், தர்ஷினிதான் முதல் நாள் கதை சொன்னாள். முடியெல்லாம் பாம்பாகிவிட்டால் அவள் அது ஆகிவிடுவாளா? பாம்பு முடிக்குக் கீழே முகம் இருக்கிறதே, கண் இருக்கிறதே, அந்தக் கண்ணுக்குத்தானே எல்லோரும் பயப்படுகிறார்கள். பார்த்தவன் கல்லாகிவிடுவான். ஒரு வீரன், பெர்சியஸ் என்று பெயர், கேடயத்தைக் கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, அவள் தூங்கும்போது போய்த் தலையை வெட்டினானாம். தூங்குகிறவளை வெட்டுவதற்குப் பெயர் சண்டையா? தணிகைவேலுக்கு அன்றைக்கே பெர்சியஸைப் பிடிக்காமல் போய்விட்டது. இந்தத் தொடரை எடுத்தவர்களுக்கும் பிடிக்கவில்லை போல, அதனால்தான் நடக்காத சண்டையாகக் கற்பனை செய்து செய்து எடுத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியில் அந்த பெர்சியஸின் கொள்ளுப்பேரன் ஹெர்குலிஸ் காலத்தைத் தாண்டிப் பின்னால் போய், விழித்திருக்கிற மெடூசாவோடு மோதுகிறான். தொட்டிலில் கிடக்கும்போதே இரண்டு பாம்பை நெரித்துக் கொன்றவன், ஆயுதம் இறங்காத சிங்கத்தைக் கையால் பிடித்து மூச்சைத் திணறடித்தவன், அந்தத் தோலையே போர்த்திக்கொண்டு திரிகிறவன். எப்பேர்ப்பட்ட ஆள். முதல் நாளிலிருந்து ஹெர்குலிஸின் குரலைப் போடும்போதெல்லாம் தணிகைவேலுவின் மார்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும், வீட்டுக்குப் போய்க் காய்கறிப் பையை வைக்கும்போதுகூட மனைவி, என்ன இன்னைக்கு இப்படி நிக்கிறீங்க, என்று கேட்பாள். ஆனால் கையில் எவ்வளவு பலம் இருந்தால் என்ன, ஒரு பார்வையைக் கையால் நெரிக்க முடியுமா?

முடியாது என்று ஹெர்குலிஸுக்கே தெரிகிறது. அங்கேதான் கதை எழுதினவன் கெட்டிக்காரன். ஹெர்குலிஸ் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறான். குகைக்குள் இருட்டோடு இருட்டாக நிற்கிறான், கதாயுதத்தைத் தூக்கிப் பிடித்தபடி, காதை மட்டும் நம்பி. இனி அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவனால் ஒன்றும் செய்ய முடியாது, கல் நிறைந்த குகையில் முட்டி மோதிக் களைத்துத் திரும்பிவிடுவான். அவள் பேசுகிறாள். ஏன் பேசுகிறாள்? தணிகைவேலுக்கு நேற்று முழுவதும் இதுதான் மண்டையைக் குடைந்தது. தர்ஷினியிடம் கேட்டான், அவள், "வில்லின்னா டயலாக் இருக்கணும்ல சார்" என்றாள். அக்காவிடம் கேட்டதற்குத்தான் பதில் வந்தது. டீக்கடை ஓரத்தில், வெந்நீர் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டே, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார், "இத்தனை வருஷமா அவ எதிர்ல வந்தவன் எல்லாம் கல்லாயிட்டான், தணிகை. முதல் தடவையா ஒருத்தன் வந்து முழுசா நிக்கிறான். பேசாம எப்படி இருப்பா?" ஆமாம், அக்கா மட்டும் அவ என்றுதான் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதையும் சொன்னார். தொண்டையில் ஒரு கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சு வரும், ஆனால் இந்தக் குரல் வராது, வேறு ஏதோ ஒரு குரல் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அக்கா சீட்டியடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ பாத்திரத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார், "உள்ள ஒரு கத்து இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அதை மெடூசாவுக்குக் குடுத்துட்டுப் போறேன். நீ எதிர்ல நில்லு. ஆள் இல்லாம செவுத்தைப் பார்த்துக் கத்தினா அது வீணாப் போயிடும். தர்ஷினிகிட்ட சொல்லாத, சொன்னா பயந்துபோய் நிறுத்திடும் அந்தப் பொண்ணு."

வேண்டாம்க்கா என்று சொல்லியிருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் அதையே நினைத்துப் புரண்டான். சொல்லத்தான் வாயெடுத்தான், அக்கா பார்த்த பார்வையில் சொல் உள்ளேயே போய்விட்டது. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளா. வெளியே சோஃபாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நல்ல பெண், நேற்று அக்காவின் குரல் இரண்டு இடத்தில் பிசிறடித்ததும் தர்ஷினி முன்யோசனையாக வரவழைத்திருக்கிறாள். அக்காவுக்குக் கத்தல் வரவில்லை என்றால் மெடூசா மொத்தத்தையும் அந்தப் பெண்ணை வைத்து மறுபடி எடுப்பார்கள். பாதி ஒரு குரல், பாதி இன்னொரு குரல் என்று விட முடியுமா. ஆக, அக்கா இந்த ஒரு மாதமாகப் பேசியது அத்தனையும் இந்த ஒரு கத்தலில் தொங்குகிறது. அந்தக் கத்தலின் மேலேயே ஹெர்குலிஸின் வரி வருகிறது, அதுதான் வினை. அவள் கத்துகிறாள், கத்தல் வந்த திசையை வைத்து இவன், அது இங்கதான் இருக்கு, என்று கூவிக்கொண்டே கதாயுதத்தை வீசுகிறான். இரண்டு மைக் என்றாலும் ஒரே அறை, இவன் சொல்வது அக்காவின் மைக்கிலும் விழும். தன் வரியைத் தனியாக எடுக்கச் சொன்னால் தர்ஷினி ஏன் என்று கேட்பாள், அக்காவின் ரகசியம் வெளியே வந்துவிடும். இவன் வாய் குளறி அவங்க என்று ஒரு எழுத்து வந்துவிட்டால் போதும், அக்காவின் அந்த ஒண்ணே ஒண்ணு குப்பைக்குப் போய்விடும். ஹெர்குலிஸ் கதாயுதத்தால் கொல்கிறான், தணிகைவேலு மரியாதையால் கொல்லப்போகிறான். நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது. அது அது அது. சொல்லிப் பழகிக்கொள், இவனே. நாற்காலி அது. மைக் அது. அக்காவின் செருப்பு அது. அக்கா... இல்லை, அங்கே போனதும் நாக்கு சண்டி மாடு மாதிரிப் படுத்துக்கொள்கிறது.

எப்படிப் படுக்காமல் இருக்கும். வேறு யாரையாவது இப்படிப் பார்த்துப் பிரமித்திருக்கிறானா அவன்? ஒரே காலையில் அம்மாவும் மகளும் சண்டை போடுகிற காட்சி, இரண்டு பேருக்கும் அக்காவே பேசினார், அம்மாவுக்கு ஒரு மூச்சு, மகளுக்கு வேறு மூச்சு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். பச்சைக் குழந்தையின் விக்கல், குரங்கின் கொஞ்சல், தூக்கில் போடப்போகிறவளின் கடைசி அமைதி, எதைக் கேட்டாலும் அந்தத் தொண்டைக்குள் இருந்தது. ஒருதடவை அவரோடு ஆட்டோவில் போனபோது அக்கா, வலது பக்கம் திரும்புங்க, என்றார், டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார், "அம்மா, உங்களை எங்கியோ பார்த்திருக்கேன்" என்றார். பார்த்தே இருக்க முடியாது. யாருமே பார்த்ததில்லை. கேட்டிருக்கிறார்கள், அதைத்தான் பார்த்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்கா அதற்கு வருத்தப்படவில்லை, சிரித்துக்கொண்டே, "பக்கத்துத் தெருவா இருக்கும்" என்றார். தணிகைவேலுக்குத்தான் ஆத்திரமாக வந்தது, ஐயா, உங்களை எத்தனையோ தடவை அழவைத்தது இந்த அம்மாதான் என்று அந்த டிரைவரின் சட்டையைப் பிடித்துச் சொல்லத் தோன்றியது. அதெல்லாம் போகட்டும், அவன் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாள். கும்பலில் ஒருவனாக, ஓடுங்க ஓடுங்க வெள்ளம் வருது, என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தக் கும்பலுக்கு நடுவில் நின்று, பிள்ளையைத் தொலைத்த தாயாக அக்கா ஒரு பெயரைக் கூப்பிட்டார். எல்லோரும் ஓடுங்க ஓடுங்க என்றார்கள். இவன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். பொறுப்பாக இருந்தவர் வந்து, யாருய்யா இந்தக் கல்லுப் பிள்ளையார், என்று திட்டினார். திட்டு வாங்கிய அவமானம் எப்போதோ போய்விட்டது, அந்தப் பெயரைக் கூப்பிட்ட விதம் மட்டும் இன்னும் போகவில்லை.

"போலாமா சார்? அக்கா, ரெடியா?" ஹெட்போனில் தர்ஷினி. அக்கா தலையை ஆட்டினார், பேச்சை வீணாக்கவில்லை. தணிகைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டான், செருமியது பெரிதாகக் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது, இங்கே தொண்டை யாருக்கு இருக்கிறது யாருக்கு இல்லை என்று தெரிந்துகொண்டே செருமுகிறானே. கண்ணாடிக்குப் பின்னால் கதவு திறந்து அந்த சோஃபாப் பெண்ணும் உள்ளே வந்து நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வந்த மாதிரி. திரையில் குகை. ஹெர்குலிஸ் கண்ணைக் கட்டிக்கொள்கிறான். தானும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? உதட்டைப் பார்க்காமல் எப்படி வரியைப் பொருத்துவது? ஆனால் அக்காவைப் பார்த்துக்கொண்டு அது என்று சொல்ல வராது, பார்க்காவிட்டால் ஒருவேளை வரும், பாவம் ஹெர்குலிஸுக்கும் இதே யோசனைதானே. வரிக்கு முன்னால் ஹெட்போனில் அடையாளமாக எத்தனை பீப் அடிக்கும் என்று மனப்பாடம். மூடிக்கொண்டான். இருட்டு. தன் வியர்வை காதோரம் இறங்குவது தெரிந்தது. "வந்திருக்கியா?" என்றார் அக்கா, இல்லை, மெடூசா, மெதுவாக, சிவக்கிற அடுப்பை ஊதுகிற மாதிரி. "கண்ணைக் கட்டிக்கிட்டா வந்திருக்க? என்னைப் பார்க்க இத்தனை தூரம் வந்துட்டுப் பார்க்காமலே போகப்போறியா?" இந்த வரியைத்தான் நேற்று எட்டிப் பார்த்து வைத்திருந்தான், வசனத்தாளில் அது மிரட்டல். அக்காவின் வாயில் அது மிரட்டலாக இல்லை. யாரும் பார்க்காத ஒருத்தி, குரலாக மட்டுமே எல்லோர் வீட்டுக்குள்ளும் போய்வந்த ஒருத்தி, கேட்கிறாள். தணிகைவேலுக்கு மூடிய கண்ணுக்குள் சுட்டது. வேண்டாம், இப்போது அழக் கூடாது, மூக்கை உறிஞ்சினால் மைக்கில் விழும். அது இங்கதான் இருக்கு. அது இங்கதான். பீப். அடுத்த பீப். அக்கா மூச்சை இழுக்கிறார், அடிவயிற்றிலிருந்து, வெறுங்காலில் தரையைப் பிடித்து, எவ்வளவு நீளமான மூச்சு, இன்னும் இழுக்கிறார், அறையில் இருக்கிற காற்று முழுவதும் அவருக்குள் போகிறது. பிறகு அது வந்தது.

கத்தல் என்று அதைச் சொல்ல முடியாது. முதலில் கனமாக, நேராக, எல்லோரும் எதிர்பார்த்த ராட்சசக் கத்தலாகத்தான் எழும்பியது, பாதியில் எங்கேயோ இடறிக் கிழிந்தது, கிழிந்த இடத்தில் நிற்காமல் அந்தக் கிழிசலையே பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனது, அதற்குள் பாம்பு இருந்தது, அழகாக இருந்த ஒரு பெண் இருந்தாள், பிள்ளையைத் தொலைத்த அந்தத் தாய் இருந்தாள், ஆட்டோவில் சிரித்துக்கொண்டே பக்கத்துத் தெரு என்று சொன்னவர் இருந்தார். தணிகைவேலு கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் தப்பிக்கலாம் என்று நினைத்த அந்த மகா வீரனுக்குக் காதை மூடத் தோன்றவில்லை. கத்தல் தேய்ந்து, மூச்சாகி, மூச்சும் அடங்கிவிட்டது. ஏதோ ஒன்றை மறந்துவிட்டோமே என்று அவன் கண்ணைத் திறந்தபோது திரையில் ஹெர்குலிஸ் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான், குரலில்லாமல். தன் வரி. தன் வரியைச் சொல்லவே இல்லை. அன்றைக்கு வெள்ளத்தில் நின்ற அதே கல்லுப் பிள்ளையார்.

"அண்ணே?" என்றான் காசிம். அப்புறம் தர்ஷினி, அவள் குரலே மாறிப்போயிருந்தது, "அக்கா... என்னக்கா இது... அக்கா, ஓகே. ஓகேக்கா. இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்." சோஃபாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "சார், நீங்க பேசாம விட்டது நல்லதாப் போச்சு, அக்கா டிராக் சுத்தமா இருக்கு. உங்க லைனை மட்டும் தனியா போட்டுக்கலாம்." நல்லதாய்ப் போயிற்று! தணிகைவேலு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான். தன் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, அந்தக் கத்தலில் தான் அடி வாங்கி விழுந்ததால் அக்கா பிழைத்தார். ஹெர்குலிஸும் மெடூசாவும் விழித்துக்கொண்டு மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று இனி யாராவது கேட்டால் சொல்லிவிடலாம், எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன் என்று. அக்கா வளையல் முடிச்சை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அக்கா உட்காரவில்லை. இந்தப் பக்கம் தணிகைவேலு தனியாக. திரையில் குகை மறுபடி வந்தது. அது என்று சொல்ல வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அது என்று சொல்ல வேண்டும், இதைக் கேட்ட பிறகு எப்படி ஐயா சொல்வது? அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணாடியால் வரவில்லையா, தொண்டையில் இல்லாததால் வரவில்லையா, தெரியவில்லை, ஆனால் பக்கத்திலேயே நின்ற தர்ஷினி குனிந்து, "என்னக்கா?" என்று கேட்டாள். அப்போது தெரிந்துபோயிற்று. தணிகைவேலுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, வாழ்நாள் முழுவதும் சத்தமில்லாத உதடுகளைப் பார்த்துப் பார்த்து அதற்குள் சொல்லை வைத்தவன். அக்காவின் உதட்டையும் படித்தான். அதுன்னே சொல்லு, தணிகை.

பீப். ஹெட்போனில் காசிம் அந்தக் கத்தலை மறுபடி ஓட்டினான், இவன் வரியைப் பொருத்துவதற்காக. எழும்பியது, இடறியது, கிழிந்தது, கிழிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனது, ஒரு இம்மிகூடக் குறையாமல், அப்படியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தொண்டையில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார், இந்தப் பக்கம் அவர் குரல் இவன் காதுக்குள் முழுதாக இருந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன் முடிந்தாலும் இருக்கும். தணிகைவேலு இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு, வாய் குளறாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"அது இங்கதான் இருக்கு."